இருபது நிமிடம், போன் வேறு அறையில்

"தினமும் பேசிக்கிட்டுத்தானே இருக்கோம்" என்பார்கள் ஆலோசனைக்கு வரும் தம்பதிகள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால் கட்ட வேண்டிய பில், பிள்ளையின் பள்ளி, நாளை யார் சீக்கிரம் கிளம்புவது என்று வரும். இதெல்லாம் வீட்டு நிர்வாகம். அவசியம்தான், ஆனால் இருவருக்கான நேரத்தின் கணக்கில் வராது. இந்த நிர்வாகப் பேச்சுக்கென்று வாரத்தில் அரை மணி நேரம் தனியாக ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மிச்ச நேரத்தையும் அதுவே தின்றுவிடும்.

பிறகு, உங்கள் இருவருக்கென்று நாளுக்கு 20 நிமிடம். தூங்கப் போகும் முன் வேண்டாம், கண் செருகும்போது 'ம்' கொட்டத்தான் முடியும். வேலை முடிந்து நுழைந்தவுடனும் வேண்டாம். முகம் கழுவி, கொஞ்சம் ஆசுவாசப்பட்ட பிறகு உட்காருங்கள். போனை மேஜையில் கவிழ்த்து வைத்தால் போதாது. அது ஒரு முறை அதிர்ந்தால் உங்கள் கண் அங்கே போகும், எதிரில் இருப்பவர் பேச்சைப் பாதியில் நிறுத்திக்கொள்வார்.

முதல் பத்து நிமிடம் ஒருவர், அடுத்த பத்து மற்றவர். வெளியே நடந்ததை மட்டும் பேசுங்கள். உங்களுக்குள் இருக்கும் சண்டையை இதில் எடுக்கக் கூடாது. பெரும்பாலோர் சறுக்குவது கேட்கும் முறையில்தான். "மேனேஜர் எல்லார் முன்னாடியும் திட்டிட்டார்" என்று மனைவி சொல்ல, "நீ முன்னாடியே மெயில் போட்டிருக்கணும்" என்று கணவர் பதில் சொன்னால் பேச்சு அத்தோடு சரி. "எல்லார் முன்னாடியுமா? அப்புறம்?" என்று கேட்டிருந்தால் மனசில் இருந்ததைக் கொட்டியிருப்பார். வாய் துறுதுறுத்தால், "யோசனை சொல்லட்டுமா, சும்மா கேட்கட்டுமா?" என்று கேட்டுவிடுங்கள்.

மற்ற நேரத்தில் வரும் சின்னச் சின்ன அழைப்புகளையும் தள்ளிப்போடாதீர்கள். அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் புதுமணத் தம்பதிகளைக் கவனித்து, ஆறு ஆண்டுகள் கழித்து மறுபடி விசாரித்தார். "இங்கே பாரேன்" என்ற மாதிரியான அழைப்புகளில் 86 சதவீதத்துக்கு, சேர்ந்தே இருந்தவர்கள் முகம் கொடுத்திருந்தார்கள். பிரிந்தவர்கள் 33 சதவீதத்துக்குத்தான்.

பேச்சு சண்டையாகி, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் எதுவும் காதில் ஏறாது. குறைந்தது 20 நிமிடம் விலகியிருங்கள். ஆனால் "எட்டரைக்குப் பேசலாம்" என்று நேரம் சொல்லிவிட்டு எழுந்திருக்க வேண்டும், சொல்லாமல் போனால் முறைத்துக்கொண்டு போனதாகவே படும். தள்ளியிருக்கும்போது அடுத்து எப்படி மடக்கலாம் என்று ஒத்திகை பார்த்தால் படபடப்பு அடங்காது.

பலர் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றும் உண்டு. நெருங்கி உட்கார்ந்தாலே அது உடலுறவில்தான் முடியும் என்று ஆகிவிட்டால், களைத்திருப்பவர் அருகில் உட்காருவதையே தவிர்க்கத் தொடங்குவார். "இன்னிக்கு சும்மா சாஞ்சு உக்காரலாம்" என்று முதலிலேயே பேசி வைத்துக்கொண்டால் இருவருக்குமே பதற்றம் இருக்காது.

அடி, மிரட்டல், பயம் உள்ள வீட்டுக்கு இதில் எதுவும் பொருந்தாது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது பாதுகாப்பை. ஆலோசகரைத் தனியாகச் சந்தியுங்கள், ஜோடியாக அல்ல.