புது டீச்சருக்கு மட்டும் ஏன் எப்போதும் ‘டி’ செக்‌ஷன்?

வேலையை விட்டுவிடுகிறேன் என்று இந்தக் கல்வியாண்டில் இன்னொரு டீச்சர் வந்து நிற்கிறார். சேலம் டவுனில் ஒரு பள்ளி, பெயர் வேண்டாம். கணக்கில் கெட்டிக்காரர், பேச்சும் தெளிவு. ஜூனில் சேர்ந்தவருக்குத் தீபாவளிக்குள் தொண்டை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனாலே வயிற்றைப் பிசைகிறது என்கிறார். அவருடைய டைம் டேபிளை வாங்கிப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பு ‘டி’ செக்‌ஷனுக்கு வகுப்பாசிரியர். சீனியர்கள் எல்லோரும் ‘எனக்கு வேண்டாம்’ என்று தள்ளிவிட்ட வகுப்பு அது. யார் லீவு போட்டாலும் அந்த பீரியட் இவருக்கு. ‘சின்னப் பொண்ணு, கம்ப்யூட்டர் தெரியும்’ என்று எமிஸ் பதிவு, அதாவது பிள்ளைகள் விவரங்களை அரசின் இணையதளத்தில் ஏற்றும் வேலை, முழுவதும் இவர் தலையில். ஆண்டு விழா நடனமும் இவரே. இவ்வளவும் கொடுத்துவிட்டு எச்.எம். அறையில் சூட்டிய பட்டம்: ‘கிளாஸ் கண்ட்ரோல் இல்லை.’

ஆசிரியர் பயிற்றுநராகப் பள்ளி பள்ளியாக ஏறி இறங்குவதுதான் என் வேலை. கொண்டலாம்பட்டிப் பக்கமும் பார்த்தாயிற்று, ஏற்காடு மலை மேலே நாகலூர், செம்மடுவுப் பக்கமும் பார்த்தாயிற்று. எங்கே போனாலும் ஒரே வசனம். “எங்களை எல்லாம் யாருங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க? கிணத்துல தள்ளிவிட்டா நீச்சல் தானா வரும்.” ஐயா, நம் ஊர்க் கிணற்றில் நீச்சல் பழகியவர்களைக் கேட்டுப் பாருங்கள். முதுகில் சுரைக்குடுக்கை கட்டியிருந்தார்கள். மாமாவோ சித்தப்பாவோ படியில் நின்றுகொண்டிருந்தார். தள்ளிவிட்டது ஞாபகம் இருக்கிறது, குடுக்கை மறந்துவிட்டது.

இந்த கிளாஸ் கண்ட்ரோல் விஷயத்தை இன்று பேசியே தீர வேண்டும். அது குரலிலும் முறைப்பிலும் இருக்கிறது, சிலருக்குப் பிறவியிலேயே வரும், சிலருக்கு வராது என்று நினைக்கிறோம். சுத்தத் தப்பு. நீங்கள் மெச்சுகிற அந்த சீனியரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு பீரியட் உட்காருங்கள். பிள்ளைகள் உட்காரும்போதே செய்வதற்கு ஒரு வேலை போர்டில் தயாராக இருக்கும். அந்த இடைவெளியில் வருகைப் பதிவை முடித்துவிடுவார். நோட்டை எடு, பக்கத்தைப் பிரி, மூன்றாம் கணக்கைப் போடு என்று ஒரே மூச்சில் சொல்ல மாட்டார்; ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது. சலசலப்பு இருந்தால் அதற்கு மேலே கத்த மாட்டார், பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். போர்டில் எழுதும்போது முழு முதுகையும் காட்ட மாட்டார். பேசுகிற பையனைத் திட்டாமல் அவன் பெஞ்சு ஓரமாகப் போய் நின்றபடி பாடத்தைத் தொடர்வார். எந்த இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது என்பதை முதல் வாரமே கண்டுபிடித்திருப்பார்.

இதில் எது பிறவிக் குணம்? அத்தனையும் பழக்கம். சிக்கல் என்னவென்றால், செய்கிறவருக்கே தான் இதையெல்லாம் செய்வது தெரியாது. கேட்டால் ‘போகப்போக வந்துரும்மா’ என்பார். அதனால்தான் புதியவரை சீனியர் வகுப்பில் சும்மா உட்கார வைத்தாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. எதைப் பார்க்க வேண்டும் என்று பக்கத்தில் இருந்து ஒருவர் காட்ட வேண்டும்.

பி.எட். எதற்குப் படித்தார்கள் என்று கேட்பவர்களுக்கு: கற்பித்தல் பயிற்சிக்குப் போகும்போது அது இன்னொருவரின் வகுப்பு, பழக்கிவைத்த வகுப்பு. டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் இருப்பது 150 கொள்குறி வினாக்கள். பேனாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் பையனைச் சமாளிப்பதை ஓ.எம்.ஆர். தாளில் எழுதிக் காட்ட முடியாது.

அப்புறம், அமைதியான வகுப்பெல்லாம் பாடம் நடக்கும் வகுப்பு இல்லை. தொடக்க வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைக்கு ஏற்றபடி பிள்ளைகள் ஆளுக்கொரு வேலை செய்தால் சத்தம் வரத்தான் செய்யும். வராண்டாவில் நடந்து போகிறவர்கள் அந்தச் சத்தத்துக்கு மார்க் போடாதீர்கள். ‘கையில குச்சி எடும்மா, அடங்கிடுவாங்க’ என்று யோசனையும் சொல்லாதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் தடை செய்கிறது. நாளை விசாரணை என்று வந்தால் குச்சி எடுக்கச் சொன்னவர் வர மாட்டார், எடுத்தவர்தான் நிற்பார்.

மலைப் பள்ளிகளில் கதை வேறு. ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்பு, கூட இருப்பது ஒரே ஒரு ஆசிரியர், அவரும் தலைமையாசிரியராக இருந்தால் பாதி நாள் கூட்டத்தில். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் திடீரென்று பெஞ்சுகள் காலியாகும். எந்த வீட்டுப் பிள்ளைகள் எந்த எஸ்டேட்டுக்குப் போயிருப்பார்கள், எப்போது திரும்புவார்கள் என்பது பழைய ஆசிரியருக்கு அத்துப்படி. புதியவரோ தன் பாடம் பிடிக்காமல்தான் வரவில்லை என்று நினைத்து அழுகிறார். சேர்ந்த வாரமே யாராவது சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும்.

புதியவர் என்றாலே 22 வயது என்றும் எண்ண வேண்டாம். 2012, 2013இல் டெட் தேறிவிட்டு வருடக்கணக்கில் அரசு வேலைக்குக் காத்திருந்தவர்கள் நம் ஊரிலேயே நிறைய. நாற்பதை ஒட்டிய வயதில், இரண்டு பிள்ளைகளோடு முதல் பணியிடத்துக்கு வருகிறார்கள். வயதைப் பார்த்து ‘இவருக்கு என்ன சொல்லிக் கொடுப்பது’ என்று எல்லோரும் கூச்சப்பட, அவரும் கேட்கக் கூச்சப்படுவார்.

சரி, தலைமையாசிரியர்களுக்கு. அடுத்த ஜூனில் டைம் டேபிள் போடும்போது புதியவர் பெயரைக் கடைசியில் எழுதாதீர்கள், முதலில் எழுதுங்கள். கடினமான வகுப்பை முதல் வருடம் கொடுக்காதீர்கள். சட்டம் சொல்லும் வாரம் 45 மணி நேரத்தில் பாடத் தயாரிப்பு நேரமும் சேர்த்தி. காலி பீரியடைப் பறிக்காதீர்கள். ஒரு சீனியரைப் பெயர் சொல்லி ஒப்படையுங்கள், இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரு பீரியடாவது ஓய்வு இருக்கும்படி பாருங்கள். ‘எல்லோரையும் கேளும்மா’ என்றால் யாரையும் கேட்க முடியாது என்று அர்த்தம். வகுப்பைப் பார்க்கப் போனால் பதிவேட்டை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பார்த்த பிறகு ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள், ஒன்பது வேண்டாம். பிள்ளைகள் முன்னால் மட்டும் தயவுசெய்து திட்டாதீர்கள். ஒரு தடவை திட்டினால் அந்த வருடம் முழுக்க அந்த வகுப்பு அவர் சொல் கேட்காது.

புது டீச்சர்களே, எல்லா பீரியடையும் பிரமாதமாக எடுக்க முயலாதீர்கள். தினமும் ஒன்றை மட்டும் நன்றாகத் தயார் செய்யுங்கள், மற்றதற்குப் புத்தகம் போதும். முதல் வாரத்தில் பெயர்களைப் படியுங்கள். தண்ணீர் குடியுங்கள், பாட்டிலை மேஜைமேல் வையுங்கள். தொட்டதற்கெல்லாம் பையனை எச்.எம். அறைக்கு அனுப்பினால், உங்களால் முடியாது என்று நீங்களே வகுப்புக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்கள்.

பெற்றோருக்கு ஒன்றுதான். ‘புது மிஸ்ஸுக்கு ஒண்ணும் தெரியல’ என்று பிள்ளை காதுபடப் பேசாதீர்கள்.

ஈராசிரியர் பள்ளியில் சீனியருக்கு எங்கே போவது என்று ஏற்காட்டு எச்.எம்.கள் கேட்பார்கள். அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்துக்கு எல்லோரும் ஒரே இடத்துக்குத்தானே வருகிறோம். பயிற்சி தரும் கருத்தாளர் ஸ்லைடு போட்டு முடித்ததும், அதே வகுப்பை எடுக்கும் பக்கத்துப் பள்ளி டீச்சரோடு புதியவரை அரை மணி நேரம் தனியாக உட்கார வையுங்கள். அதையும் கடைசி பஸ்ஸுக்கு வெகு முன்னாலேயே வையுங்கள். இல்லாவிட்டால் மலைக்கிராமத்துக்குத் திரும்ப வேண்டியவர் காதில் ஒன்றும் ஏறாது, கண் கடிகாரத்தில்தான் இருக்கும்.