"பத்துப் பதினைந்து சுட்டேன், ஒன்றும் ஆகவில்லை": வீட்டில் அடைத்த ஷாட்கன் தோட்டாக்கள் பற்றி

துப்பாக்கித் தடய ஆய்வில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். என் மேசைக்கு வந்தவற்றில் மனதை விட்டுப் போகாதது ஒரு 12 போர் இரட்டைக் குழல் ஷாட்கன் (போர் என்பது குழல் அளவைக் குறிக்கும் எண்; எண் கூடினால் குழல் சிறிதாகும்). வலது குழலுக்கு ஒரு கீறல்கூட இல்லை. இடது குழல் மட்டும், முன்கட்டைக்கு மேலே, தகர டப்பாவைக் கிழித்தது போலப் பிளந்து கிடந்தது. சுட்டவர் இடது கையால் பிடித்திருந்த இடம் அதுதான். மூன்று விரல்கள் போய்விட்டன. தோட்டா அவரே வீட்டில் அடைத்தது. "இதே மாதிரி பத்துப் பதினைந்து சுட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்று வாக்குமூலத்தில் சொல்லியிருந்தார்.

இதை வேறு பலரிடமும் கேட்டிருக்கிறேன். பதினைந்து சரியாகப் போனால் பதினாறும் போகும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் குழலுக்குள் நடப்பது அப்படி இல்லை.

ஷாட்கன் குழலின் வாய் பெரிது. 12 போரில் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். அதைப் பார்த்து, எதைப் போட்டாலும் தாங்கும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். உண்மையில் அதன் சுவர் மெல்லியது. வழக்கமான 12 போர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அளவின்படி அழுத்தத்தின் உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. இன்றைய ரைஃபிள் தோட்டாக்கள் பலவற்றுக்கு அது 60,000-ஐத் தாண்டும். பெரிய வாய் உள்ள துப்பாக்கிதான் இங்கே பலவீனமானது.

தொழிற்சாலைத் தோட்டாவில் முதலில் தீப்பிடிக்கும் கேப், மருந்து, வாட் எனப்படும் அடைப்பான், ஈய ரவை, உறையின் மடிப்பு எல்லாம் ஒன்றுக்கொன்று கணக்குப் போட்டுப் பொருத்தியவை. மருந்து எவ்வளவு என்பதைவிட அது எவ்வளவு வேகமாக எரிகிறது என்பது முக்கியம். பழைய கரிமருந்துக்கும் புகையில்லா மருந்துக்கும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாமல் போகலாம், ஆனால் கரிமருந்தின் இடத்தில் அதே அளவு புகையில்லா மருந்தைப் போட்டால் குழல் சிதறிவிடலாம். அழுத்தத்தைக் கண்ணால் பார்த்தோ தோளில் படும் உதையை வைத்தோ அளக்க முடியாது. முறையாக மறுபடி அடைத்துப் பயன்படுத்தும் விளையாட்டு வீரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஆய்வகத்தில் சோதித்து வெளியிட்ட அட்டவணையை அப்படியே பின்பற்றுகிறார்கள், ஒரு பாகத்தைக்கூட மாற்றுவதில்லை. கையில் கிடைத்ததை வைத்து அடைப்பது அந்த வேலையே இல்லை.

சரி, அந்த மனிதரின் குழலுக்கு என்ன ஆனது? பிளவின் ஓரத்தில் மோதிரம் போல ஒரு வீக்கம் இருந்தது. உள்ளே ஏதோ அடைத்துக்கொண்டிருக்கும்போது சுட்டால் வருகிற அடையாளம் அது. முந்தைய தோட்டாவில் உந்துதல் போதவில்லை. அடைப்பானாக வைத்திருந்த மரத்துண்டு பாதி வழியில் நின்றுவிட்டது. "சத்தம் கொஞ்சம் கம்மியாகக் கேட்டது" என்று பிறகு சொன்னார். சத்தம் புஸ்ஸென்று போனால் அடுத்த தோட்டாவைப் போடவே கூடாது. துப்பாக்கியைக் காலி செய்து, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால், குழல்முனையை ஆளில்லாத பக்கம் வைத்தபடி குறைந்தது அரை நிமிடமாவது காத்திருங்கள். தாமதமாக வெடிப்பதும் உண்டு.

அளவில் சிறிய 20 போர் தோட்டாக்கள் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் வருவதற்கும் இதுவே காரணம். தவறிப்போய் 12 போரில் போட்டால் அது உள்ளே வழுக்கிப்போய்க் குழலில் மாட்டிக்கொள்ளும். பின்னாலேயே 12 போர் தோட்டாவும் தாராளமாக நுழையும். தொழிற்சாலைச் சரக்குக்கே இவ்வளவு எச்சரிக்கை தேவைப்படுகிறது.

ரவைக்குப் பதிலாகக் கையில் கிடைத்த கெட்டிப் பொருட்களை நிரப்புவது இன்னொரு ஆபத்து. குழலின் முனை சோக் என்ற பெயரில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வரை குறுகியிருக்கும். ஈயம் மிருதுவானது, நசுங்கி வெளியே போய்விடும். கெட்டிப் பொருள் நசுங்காது. வெளியே வந்தாலும் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது, பக்கத்தில் நிற்பவர் மேல் படலாம்.

சட்டத்துக்கு வருவோம். துப்பாக்கிக்கு உரிமம் இருந்தால் தோட்டா செய்யவும் உரிமை உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, தோட்டா தயாரிப்பதற்குத் தனி உரிமம் கேட்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதை மீறினால் குறைந்தபட்சம் 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டப்படி சொந்த உபயோகத்துக்கு மறுபடி அடைக்கலாம், ஆனால் விற்கத் தொடங்கினால் தயாரிப்பாளர் உரிமம் வேண்டும். பிரிட்டனில் தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது என்பதே வழக்கை மாற்றிவிடும். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட ரவைகள், ஒவ்வொன்றும் 0.36 அங்குலத்துக்கு மிகாமல் இருந்தால்தான் அது சாதாரண ஷாட்கன் தோட்டா. அதை எடுத்துவிட்டு ஒற்றைக் குண்டை வைத்தால், கடுமையான வேறொரு அனுமதிச் சான்றிதழ் தேவைப்படும். துப்பாக்கி அதே துப்பாக்கிதான், ஆனால் நீங்கள் குற்றவாளி.

பழைய வீட்டுப் பரணிலோ அலமாரியிலோ இப்படி ஒரு தோட்டா கிடைத்தால் பிரிக்காதீர்கள். தண்ணீரில் ஊறப்போட்டால் செயலிழந்துவிடும் என்பது நம்பக்கூடியதில்லை, காய்ந்த பிறகு வெடிக்கலாம். குப்பையிலும் நெருப்பிலும் போடக் கூடாது. காவல் நிலையத்துக்கு நீங்களே எடுத்துப் போக வேண்டாம். போன் செய்து சொல்லுங்கள், அவர்கள் வரும்வரை அந்தப் பக்கம் பிள்ளைகள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், யாருக்காவது காயம் பட்டுவிட்டால் உள்ளே என்ன அடைத்திருந்தது என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மரமும் பிளாஸ்டிக்கும் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. அந்த மனிதர் வழக்குக்குப் பயந்து, மருத்துவமனையில் முதலில் "கடையில் வாங்கிய தோட்டா" என்றே சொல்லியிருக்கிறார். உள்ளங்கையில் புதைந்திருந்த மரச்சில்லு சீழ் வைத்த பிறகுதான் வெளியே வந்தது. இரண்டாவது அறுவைச் சிகிச்சை அதற்காக.