ஸ்னாப்ஷாட் என்றால் திரைப்பிடிப்பா?

‘கூகுள் எந்தத் தேதியில் திரைப்பிடிப்பு எடுத்துப் பேஜ்ரேங்க் போடுகிறது?’ இந்த வாக்கியத்தை இன்னும் எத்தனை கட்டுரைகளில் படிக்க வேண்டுமோ! திரைப்பிடிப்பு என்பது ஸ்கிரீன்ஷாட். திரையில் தெரிவதை அப்படியே பிடித்து வைப்பது. ஆங்கிலத்தில் இருப்பதோ ஸ்னாப்ஷாட். பேஜ்ரேங்க் என்பது, ஓர் இணையப் பக்கத்துக்கு வரும் இணைப்புகளை வைத்துக் கூகுள் போடும் மதிப்பெண். அந்தக் கணக்கில் திரையே கிடையாது.

ஸ்னாப்ஷாட் முதலில் வேட்டைக்காரர் சொல்: குறிபார்க்க நிற்காமல் சட்டென்று சுடுவது. 1860இல் ஜான் ஹெர்ஷல் அதை ஒளிப்படக் கலைக்குக் கொண்டுவந்தார். பிறகு கணினிக்காரர்கள், மாறிக்கொண்டே இருக்கும் தரவு ஒரு தருணத்தில் இருந்த நிலையைப் பதிந்து வைப்பதற்கு அதை எடுத்துக்கொண்டார்கள்.

2000 டிசம்பரில் வந்த கூகுள் டூல்பார், அதாவது உலாவியில் சேர்த்துக்கொள்ளும் கருவிப்பட்டை, பக்கங்களின் பேஜ்ரேங்கை 0 முதல் 10 வரை மதிப்பெண்ணாகக் காட்டியது. உள்ளே கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே தெரியும் எண் சில மாதங்களுக்கு ஒருமுறைதான் மாறும். அப்போதும் அது பழைய நிலவரம். எந்த நாளின் நிலவரம் என்று தளம் நடத்துவோர் துப்புத் துலக்கினார்கள். 1ஆம் தேதி வெளியிட்ட பக்கத்துக்கு எண் வந்திருக்கிறது, 10ஆம் தேதி வெளியிட்டதற்கு, இணைப்புகள் இருந்தும், வரவில்லை என்றால் ஸ்னாப்ஷாட் இடையில் எங்கோ விழுந்திருக்கிறது. பக்கங்களைப் படித்துப் போகும் கூகுளின் நிரலான கூகுள்பாட் தாமதமாக வந்திருந்தால் இந்தக் கணிப்பும் பிசகும்.

ஆக, பதிவானது எந்தப் பக்கம் எதற்கு இணைப்புக் கொடுத்தது என்ற விவரம். திரைப்பிடிப்பு என்று படித்தவரோ, தன் தளத்து முகப்பைக் கூகுள் படம் எடுக்க வருகிறது என்று நினைத்துப் பேனரை அலங்கரித்துக்கொண்டிருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

‘நொடிப்படம்’ என்பார் உண்டு. பாதி சரி, அந்தப் பாதி மிக அழகு. ‘கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை’ என்கிறது தொல்காப்பியம். நொடி என்பது கைநொடிக்கும் நேரம். ஆங்கில ஸ்னாப்பும் விரல் சொடுக்கைக் குறிக்கும். இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? கெடுப்பது பின்னால் ஒட்டிய ‘படம்’. படத்தைத் தள்ளிவிட்டு ‘நொடிநிலை’ என்றால் போதும். ‘கணநிலை’யும் ஆகும், ஆனால் கணம் வடமொழி க்ஷணம், போதாததற்குக் கணக்குப் பாடத்தில் கணம் வேறு பொருளில் உட்கார்ந்திருக்கிறது. நொடித்துப்போன கடை நினைவுக்கு வருமே என்று கேலி செய்வார்கள். செய்யட்டும்.

நம் மொழிபெயர்ப்பாளர்களின் வியாதி, அகராதியில் முதலில் கிடைப்பதை ஒட்டிவிட்டு நகர்வது. பேஜ்ரேங்கைப் ‘பக்கத் தரம்’ ஆக்கியதும் இவர்கள்தான். அதிலுள்ள பேஜ், கூகுளை நிறுவிய இருவரில் ஒருவரான லாரி பேஜின் பெயரும் அல்லவா? பெயர்ச்சொல்லைப் பெயர்ச்சொல்லாகவே விட்டால் என்ன?

டூல்பார் எண் 2013 டிசம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப்படவில்லை. 2016இல் காட்டுவதையே நிறுத்திவிட்டார்கள். ஸ்னாப்ஷாட் மட்டும் தரவுத்தளத்திலும் மெய்நிகர் கணினியிலும் தினமும் புழங்குகிறது. அங்கும் நொடிநிலை என்றே எழுதுங்கள். நாவில் ஒட்டவில்லையா, ஸ்னாப்ஷாட் என்றே விட்டுவிடுங்கள். திரைப்பிடிப்பு மட்டும் வேண்டாம்.