மழைக் கவிதையில் நனைவது யார்?

மழையையும் சிறுவயது நினைவையும் பற்றிய கவிதை வினாத்தாளில் வந்துவிட்டால், விடைத்தாளைத் திறக்காமலே விடையைச் சொல்லிவிடுவேன். ‘கவிஞர் தம் இளமைக்கால நினைவுகளை ஏக்கத்துடன் வெளிப்படுத்துகிறார்.’ பாதிக்கு மேற்பட்ட தாள்களில் இந்த வாக்கியம் இருக்கும். கையேட்டில் இருக்கிறது, நாங்களும் கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம், பிள்ளைகளும் எழுதுகிறார்கள். மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. கவிதையைப் படித்தார்களா என்பது மட்டும் தெரியாது.

இத்தனை ஆண்டுகள் தமிழ் வகுப்பெடுத்த பிறகு, இதில் என் பங்கு என்ன என்று யோசிக்கிறேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வகுப்புப் பயிற்சிக்கென்று நானே எழுதி வைத்திருக்கும் ஆறு வரிகள் இவை. பெரிய கவிதை என்று சொல்ல வரவில்லை. கையேட்டில் விடை கிடைக்காது, அதுவே இதன் சிறப்பு.

முதல் துளி விழுந்ததும்
அம்மா கொடிக்கு ஓடினாள்
நான் வாசலுக்கு ஓடினேன்.

இன்றும் முதல் துளி விழுகிறது.
கொடிக்கு ஓடுகிறேன்.
வாசலில் யாரும் இல்லை.

முதலில் சொற்பொருள். இதைச் சின்ன வேலை என்று தாண்டிப் போய்ப் பலமுறை மாட்டிக்கொண்டிருக்கிறேன். ‘தாய் கொடியைக் காக்க ஓடியது அவரது நாட்டுப்பற்றைக் காட்டுகிறது’ என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான். ஆசிரியர் அறையில் எல்லோரும் சிரித்தோம். அப்புறம்தான் உறைத்தது: அவன் வீட்டில் துணி காய்வது மடக்கிவைக்கும் கம்பிச் சட்டத்தில். கயிற்றைக் கொடி என்று சொல்லி அவன் கேட்டதே இல்லை. அவனுக்குத் தெரிந்த கொடி கம்பத்தில் ஏறுவது. கவிதை புரியவில்லை என்று பிள்ளை சொன்னால், பல நேரம் ஒரே ஒரு சொல்தான் இடறுகிறது. கேட்டால் சொல்லிவிடுவார்கள், நாம்தான் கேட்பதில்லை.

அடுத்தது வினைச்சொற்கள். மேல் மூன்று வரிகளில் விழுந்தது, ஓடினாள், ஓடினேன். கீழே விழுகிறது, ஓடுகிறேன். இறந்தகாலமும் நிகழ்காலமும் நடுவில் ஒரு வெற்றுவரியோடு எதிரெதிரே நிற்கின்றன. ‘இன்றும்’ என்பதில் உள்ள ‘உம்’, அன்றும் விழுந்ததை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இலக்கண வகுப்பில் இதற்கு இறந்தது தழுவிய எச்ச உம்மை என்று பெயர் சொல்லி மனப்பாடம் செய்யவைப்போம். அது ஒரு கவிதைக்குள் உட்கார்ந்து இருபது முப்பது ஆண்டுகளைக் கட்டி இழுப்பதைக் காட்டுவதில்லை. வருத்தம், ஏக்கம் என்ற சொற்கள் இந்த ஆறு வரியில் எங்கும் இல்லை. வாசலுக்கு ஓடியவர் இப்போது கொடிக்கு ஓடுகிறார், அவ்வளவுதான். ஏக்கம் என்று முடிவுகட்டுவதற்கு முன் இந்தத் திசைமாற்றத்தைப் பார்த்துவிட வேண்டும்.

“மண்வாசனையே இல்லாத மழைக் கவிதையா?” என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. மழை பெய்ததும் எழும் அந்த வாசனைக்கு 1964இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் பெட்ரிகோர் என்று பெயர் வைத்தார்கள். மண்ணிலுள்ள ஒருவகை பாக்டீரியா உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு அதில் பெரிய பங்கு. மற்றப் புலன்களின் செய்தி மூளையில் தலாமஸ் என்ற பகுதியைக் கடந்துதான் மேலே போகிறது. வாசனைக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை. உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளை மிக நெருங்கிய பாதையில் தொட்டுவிடுகிறது. ஆக, மண்வாசனை பழைய நாளைக் கிளப்பும் என்பது பொய்யில்லை. ஆனால் தாளில் எழுதிய ‘மண்வாசனை’ என்ற சொல்லுக்கு வாசனை கிடையாது. ஆயிரம் கவிதைகளில் புழங்கித் தேய்ந்த சொல் அது. கொடிக்கு ஓடும் கால் அந்த அளவுக்குத் தேயவில்லை என்று நினைத்துத்தான் அதை வைத்தேன்.

இன்னொரு கேள்வி என்னையே உட்காரவைத்துவிட்டது. கடைசி வரிசைப் பையன் ஒருவன், “வாசலுக்கு ஓடினவர் முதுகைக் காட்டிக்கொண்டுதானே ஓடியிருப்பார்? அம்மா கொடிக்கு ஓடினதை எப்படிப் பார்த்தார்?” என்றான்.

எழுதியவன் நான்தான், எனக்கு அது தோன்றவே இல்லை. யோசித்தால் அவன் சொன்னது சரி. அந்தச் சிறுவன் மழையைத்தான் பார்த்திருப்பான். அம்மா ஓடியதைப் பார்ப்பது, இப்போது கொடிக்கு ஓடும் பெரியவர். தானே ஈரத்துணியை வாரும்போதுதான், அன்று இதை யாரோ செய்திருக்க வேண்டுமே என்று தோன்றுகிறது. அந்த இடத்தில் அம்மாவைக் கொண்டுபோய் நிறுத்துகிறார். நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது. பிரிட்டிஷ் உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட், பழக்கமில்லாத ஒரு நாட்டுப்புறக் கதையைப் படிக்கவைத்து, நாள் கடந்து திரும்பச் சொல்லச் சொன்ன சோதனையை 1932இல் வெளியிட்டார். சொன்னவர்கள் புரியாத இடங்களை விட்டுவிட்டு, தங்களுக்குப் பழகியதை அங்கே நிரப்பியிருந்தார்கள். சிறுவயது நினைவும் பெட்டியில் பூட்டிவைத்த பழைய படம் போல அப்படியே வெளிவருவதில்லை. எடுக்கும்போதெல்லாம் இன்றைய கை அதில் படுகிறது. அதனால் இப்படிப்பட்ட கவிதையில் எப்போதும் இரண்டு பேர் இருக்கிறார்கள்: நனைந்த பிள்ளை ஒருவர், நினைக்கிற பெரியவர் ஒருவர். நாம் முதலாமவரைப் பற்றியே பாடம் நடத்திவிட்டு வெளியே வந்துவிடுகிறோம்.

நம் பழைய கவிதையிலேயே இதற்குச் சான்று உண்டு. புறநானூற்றின் 243ஆம் பாட்டில் ஒரு முதியவர், மருதமரக் கிளையேறி ஆழ்நீரில் துடுமெனப் பாய்ந்து, அடியிலிருந்து மணல் அள்ளிவந்த தன் ‘கல்லா இளமை’ இப்போது எங்கே என்று கேட்கிறார். பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் ஊன்றிநின்ற கோலைக் குறிக்கும் பாட்டின் தொடரே தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயராகிவிட்டது. நீச்சல், விளையாட்டு எல்லாம் மூச்சுவிடாமல் ஓடும் ஒரே நீண்ட வாக்கியத்தில் வருகின்றன. முடிவில்தான் தெரிகிறது, பேசுபவர் இருமலுக்கு நடுவே சில சொல் மட்டுமே பேச முடிகிற கிழவர் என்று. அதை அறிந்தபின் மேலே போய் மறுபடி படித்தால் அந்தப் பாய்ச்சல் வேறு மாதிரி கேட்கும்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், ‘வாசலில் யாரும் இல்லை’ என்ற வரிக்கு ஒரு மாணவி, ‘இது நிம்மதி. பிள்ளைகள் எல்லோரும் உள்ளே பத்திரமாக இருக்கிறார்கள்’ என்று எழுதியிருந்தாள். தவறு என்று சிவப்பு மையில் கோடு போட்டேன். மழை வந்தால் அவர்கள் வீட்டில் ஒழுகும் இடத்துக்கெல்லாம் பாத்திரம் வைப்பார்கள், தம்பி தண்ணீரில் இறங்காமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு என்பது அப்புறம்தான் தெரியவந்தது. மழை என்றால் எல்லோருக்கும் காகிதக் கப்பல் என்று முடிவுசெய்தது நான். இத்தனைக்கும் அவள் பொருள் அந்த வரியிலேயே இருந்தது. நிம்மதி இல்லை என்று கவிதை எங்கும் சொல்லவில்லை. அதற்காக எதை எழுதினாலும் சரி என்றும் ஆகாது. நாட்டுப்பற்று இங்கே வராது, சொற்கள் இடம்கொடுக்கவில்லை. எந்தச் சொல்லைப் பிடித்து இந்தப் பொருளுக்கு வந்தாய் என்று கேட்டால் போதும். கேட்காமல் கோடு போட்டதுதான் என் பிழை.

வீட்டில் பிள்ளைக்குக் கவிதை சொல்லிக்கொடுப்பவர்கள் கையேட்டை மூடிவைத்துவிட்டு இரண்டு முறை சத்தமாகப் படித்துக் காட்டினால் நல்லது. ‘என்ன கருத்து?’ என்பதற்கு முன் ‘யார் பேசுகிறார், இப்போது எங்கே நிற்கிறார்?’ என்று கேட்டுப்பாருங்கள்.

இப்போதெல்லாம் என் வகுப்புத் தேர்வில் மையக்கருத்து எழுதச் சொல்வதில்லை. போன முறை, ‘இந்தக் கவிதையில் யார் யாரைப் பார்க்கவில்லை?’ என்று கேட்டிருந்தேன். இரண்டு மதிப்பெண். ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தது: ‘அம்மா கொடியைப் பார்த்தாள். பிள்ளை மழையைப் பார்த்தது. அன்று அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை.’