ஹார்மோன் மருந்தின் கறுப்புக் கட்டம்: எது போகிறது, எது இருக்கிறது?

மெனோபாஸ், அதாவது மாதவிடாய் நிற்கும் பருவத்தின் தொல்லைகளுக்கு அமெரிக்காவில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் அடங்கிய எந்த மருந்தை வாங்கினாலும், விவரத் தாளின் உச்சியில் தடித்த கறுப்புக் கோட்டுக்குள் ஒரு எச்சரிக்கை இருந்து வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக்கட்டி, மார்பகப் புற்றுநோய், மறதி நோய் என்று நீளும். அந்நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒரு மருந்தின் தாளில் போடச் சொல்லும் எச்சரிக்கைகளிலேயே கடுமையானது இந்தக் கட்டம்தான். விற்பனைக்கோ, மருத்துவர் எழுதித் தருவதற்கோ இது தடை இல்லை. ஆனால் படித்தவர்கள் பயந்து மருந்தை அப்படியே வைத்துவிடுவார்கள். அதில் இருப்பதில் பெரும்பகுதியை நீக்கும்படி நிறுவனங்களைக் கேட்பதாக 2025 நவம்பர் 10 அன்று எஃப்.டி.ஏ. அறிவித்தது.

இந்தக் கட்டம் வந்தது 2003இல். அதற்கு முந்தைய ஆண்டுதான் விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற பெரிய ஆய்வின் ஒரு பகுதி பாதியில் நிறுத்தப்பட்டது. கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்களில் ஒரு பாதிக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோன் மருந்தும் சேர்ந்த மாத்திரை, மறுபாதிக்கு மருந்தே இல்லாத மாத்திரை. இதய நோய் 29 சதவீதம் கூடியது என்று செய்தி பரவியது. கணக்கு தப்பில்லை. அதையே வேறு விதமாகச் சொன்னால், 10,000 பேருக்கு ஆண்டுக்கு 30 என்று இருந்தது 37 ஆனது. ஏழு பேர் கூடுதல். சும்மா ஒதுக்க முடியாத எண்தான், ஆனால் தலைப்பைப் பார்த்து நாம் கற்பனை செய்யும் அளவும் இல்லை.

அதைவிட முக்கியம், அந்தப் பெண்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆனவர்களே அதிகம். உடல் சூடும் வியர்வையும் தாங்காமல் ஐம்பது வயதையொட்டி மருந்து கேட்டு வருபவருக்கு அந்த முடிவை அப்படியே பொருத்தியதுதான் கோளாறு. இதில் அநியாயம் என்று எனக்குத் தோன்றுவது, பிறப்புறுப்பு வறட்சிக்குப் போடும் குறைந்த அளவு க்ரீமுக்கும் இதே கட்டத்தைப் போட்டதுதான். அதிலிருந்து ரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம்.

சரி, இப்போது என்ன மாறுகிறது? இதய நோய், மார்பகப் புற்றுநோய், மறதி நோய் பற்றிய வரிகள் கட்டத்திலிருந்து வெளியேறுகின்றன. உடல் முழுவதும் வேலை செய்யும் வகை மருந்தை மாதவிடாய் நின்ற 10 ஆண்டுகளுக்குள், அல்லது 60 வயதுக்கு முன் தொடங்குவது நல்லது என்ற வழிகாட்டல் தாளில் இடம்பெறும். ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக எடுத்தால் கர்ப்பப்பை உள்சுவரில் புற்றுநோய் வரலாம் என்ற எச்சரிக்கை கட்டத்திலேயே இருக்கும். கர்ப்பப்பை இருப்பவருக்குக் கூடவே புரோஜெஸ்டின் போன்ற மருந்தும் தருவது இதனால்தான். மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக்கட்டி, மார்பகப் புற்றுநோய் ஏற்கெனவே வந்தவர்கள் விஷயத்தில் பழைய எச்சரிக்கை தளரவில்லை.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். கட்டம் போய்விட்டது, அப்படியானால் இதயத்துக்கு நல்லது என்று மாத்திரையைத் தொடங்கிவிடலாமா? கூடாது. அறிவிப்பின்போது அதிகாரிகளே இதய நன்மை பற்றிப் பேசியது உண்மை. ஆனால் அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு, நாட்பட்ட நோய்களைத் தடுப்பதற்கென்று ஹார்மோன் எடுக்க வேண்டாம் என்று 2022இல் பரிந்துரைத்திருக்கிறது. உடல் சூடு, தூக்கமின்மை போன்ற தொல்லை இருந்தால் அதற்கான மருந்து இது.

ஆனால் இதயத்தைக் கவனிக்க வேண்டிய காலம் இதுதான். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது ரத்தக்குழாய்களின் நெகிழ்வு குறைகிறது. கடைசி மாதவிடாயை ஒட்டிய ஓராண்டில் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். சட்டென்று ஏறுகிறது. 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்களுக்கு இதய ஆபத்து மேலும் கூடுதல். இவர்கள் விஷயமே தனி. வழக்கமாக மாதவிடாய் நிற்கும் வயது வரையாவது ஹார்மோன் எடுக்கச் சொல்வதே மருத்துவ வழக்கம்.

அப்புறம், மாத்திரையா தோலில் ஒட்டும் பேட்ச்சா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். விழுங்கும் மாத்திரை முதலில் கல்லீரலுக்குப் போய் ரத்தம் உறைவதற்கான பொருட்களைக் கூட்டுகிறது. பேட்ச் அந்த வழியில் போவதில்லை, அதனால் ரத்தக்கட்டி அபாயம் குறைவு. ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை மூன்றின் அளவுகளையும், குடும்பத்தில் யாருக்காவது ரத்தக்கட்டி வந்த விவரத்தையும் கையோடு கொண்டுபோனால், எது தோதானது என்று மருத்துவர் சொல்வது சுலபம். கடையில் பழைய இருப்பு இருக்கும்வரை, உள்ளே மடித்து வைத்த தாளில் பழைய கட்டமே இருக்கலாம்.