சொல் விளக்கம்: ஃப்ளட்டர் – இறக்கைப் படபடப்பு

நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இருக்கிறது. அங்கே வான்வெளிப் பொறியியல் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளிடம் "ஃப்ளட்டர் என்றால் என்ன?" என்று வீட்டில் கேட்டால், ‘அதிர்வு’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது போதாது.

செம்பனை லாரி போனாலும் ஜன்னல் அதிரும். ஃப்ளட்டர் வேறு. விமானம் பறக்கும்போது அதன் இறக்கை லேசாக வளையும், லேசாக முறுக்கும். முறுக்கினால் காற்றை எதிர்கொள்ளும் கோணம் மாறும், தூக்குவிசை மாறும், இறக்கை மேலும் வளையும். குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் வளைவும் முறுக்கும் கைகோத்துக்கொண்டு, ஓடும் காற்றிலிருந்தே ஆற்றலை எடுத்து ஆட்டத்தைப் பெருக்கும். இறக்கை முறிந்தே போகலாம். கோயில் திருவிழாவுக்குக் கட்டிய பேனரும் அப்படித்தான்: காற்று சீராக வீசினாலும், வேகம் கூடியதும் தானாக அடித்துக்கொள்ளும்.

இந்தச் சொல்லின் வேர் பழைய ஆங்கிலத்து ‘ஃப்ளோடெரியன்’. மிதத்தலைக் குறிக்கும் வினையோடு, திரும்பத் திரும்ப நடப்பதைக் காட்டும் விகுதி சேர்ந்து, அலைகளில் இங்குமங்கும் அலைவதைச் சொன்னது. அந்த விகுதியின் வேலையைத் தமிழில் இரட்டைக்கிளவி செய்கிறது. அதனால் ‘படபடப்பு’ என்பதே என் தேர்வு. ‘சிறகடிப்பு’ ஒத்துவராது, அது பறவை வேண்டுமென்றே செய்வது. ‘படபட’வைப் பிரித்தால் பொருள் இல்லை. வளைவையும் முறுக்கையும் பிரித்துவிட்டால் இந்த வகை ஆட்டமும் பெரும்பாலும் எழாது. இவ்வளவு பொருந்தும் சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஒன்றைச் செய்வானேன்? நெஞ்சுப் படபடப்போடு குழம்பாமலிருக்க ‘இறக்கைப் படபடப்பு’ என்று எழுதலாம்.

அப்புறம், இதைக் கணக்கிடுவது. ஆடும் இறக்கையின் பின்விளிம்பிலிருந்து காற்றுச் சுழல்கள் கழன்றுகொண்டே போகும். அவற்றால் விசை சற்றுத் தாமதமாகவே மாறும். சற்றுமுன் இறக்கை எப்படி அசைந்தது என்பதும் கணக்கில் வரவேண்டும். தட்டையான மெல்லிய இறக்கைக்கு இதை 1935இல் சூத்திரமாக்கித் தந்தவர் தியோடோர்சன் என்ற வானூர்தியியல் ஆய்வாளர். இன்று கணினியில், இறக்கையைச் சுற்றியுள்ள காற்றைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நொடித்துளிக்கும் விசையைக் கணித்து, இறக்கையை அதற்கேற்ப நகர்த்தி, கட்டங்களையும் கூடவே நகர்த்தி, மறுபடி கணிக்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘நியூமெரிக்கல் சிமுலேஷன்’ எனப்படும் இதற்கு ‘எண்முறைப் பாவனை’ என்ற பெயர் சரியாக இருக்கும்.

பெரிய பயணிகள் விமானம் என்றால், மூக்கைத் தாழ்த்திக் கீழ்நோக்கிப் பாய்வதற்கென வடிவமைப்பில் வைத்த உச்ச வேகத்துக்கு மேலும் 15 விழுக்காடு வரை படபடப்பு எழாது என்று காட்டினால்தான் சான்றிதழ் கிடைக்கும்.