ஒரு நாளைக்கு எத்தனை சண்டை?

"நான் ஏன் மச்சான் வாளைத் தூக்கிக்கொண்டு வாறன்? இவன் ஒரு மந்திரம் சொன்னா எல்லாம் முடிஞ்சுது." கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு சனிக்கிழமை இரவு இப்படிச் சொன்ன நண்பன், அதற்குப் பிறகு இரண்டு வாரம் விளையாட வரவில்லை. மேசையைச் சுற்றியிருந்து ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதை நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் அவன் வாள்வீரன், எதிர்க் கதிரையில் இருந்தவன் மந்திரவாதி. கதையை நடத்தும் டிஎம் நான். அவன் கேட்டது நியாயமான கேள்வி. அந்த இரண்டு வாரமும் பகடைக் கணக்கோடு உட்கார்ந்திருந்தேன்.

1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் வெளியிட்ட இந்த விளையாட்டில் மந்திரத்துக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒரு நாளைக்கு இத்தனை தடவைதான். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதை ஸ்லொட் கணக்கில் வைத்திருக்கிறார்கள்; ஒரு மந்திரம் சொன்னால் ஒரு ஸ்லொட் செலவு, பெரிய மந்திரத்துக்கு மேற்படி ஸ்லொட் வேண்டும். ஐந்தாம் நிலை மந்திரவாதிக்கு முதற்படி ஸ்லொட் 4, இரண்டாம் படி 3, மூன்றாம் படி 2. இந்த ஒன்பதும் தீர்ந்தால், படுத்து எழும்பும்வரை ஸ்லொட் தேவையில்லாத சின்ன மந்திரங்கள் மட்டும்தான்.

இரணைமடுக் குளத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை. மாரியில் கனகராயன் ஆறு கொண்டுவந்து சேர்ப்பதுதான் கையிருப்பு. மழை போனபின் குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து, சிறுபோக நெல்லுக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டம் போட்டு முடிவெடுப்பார்கள். மந்திரவாதியின் ஸ்லொட்டுகளும் அப்படி ஒரு குளம். 8 மணித்தியால நீண்ட ஓய்வுதான் அதற்கு மாரிமழை. வாள்வீரன் நாள் முழுக்க மண்வெட்டி பிடிக்கிற கை. அவனுக்குப் பெருக்கும் இல்லை, வற்றலும் இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். ஐந்தாம் நிலை வாள்வீரன் பெரிய வாளால் ஒரு முறையில், அதாவது சண்டையில் தன் முறை வரும் ஒவ்வொரு தடவையும், இரண்டு வெட்டு வெட்டுவான். ஒரு வெட்டுக்கு ஆறுமுகப் பகடை இரண்டும் பலத்துக்கான 4உம் சேர்த்துச் சராசரி 11. நூற்றுக்கு 65 வெட்டுகள் படும் என்று வைத்தால், ஒரு முறைக்கு ஏறக்குறைய 14 சேதம். நான்கு முறையில் முடியும் ஒரு சண்டையில் 57.

மந்திரவாதியின் பயர்போல் என்ற நெருப்புப்பந்து மந்திரம் மூன்றாம் படி; ஆறுமுகப் பகடை எட்டு, சராசரி 28. வட்டத்துக்குள் நிற்கும் எல்லோருக்கும் படும்; உதறித் தப்புபவருக்குப் பாதி. மூன்று எதிரிகள் நிற்கிறார்கள், தப்பும் வாய்ப்பு சரிபாதி என்றால், ஒரே வீச்சில் 63. அதாவது வாள்வீரன் அந்தச் சண்டை முழுக்க வியர்த்து எடுப்பதைவிடக் கூட. இரண்டு பயர்போல், அடுத்து இரண்டு இரண்டாம் படி நெருப்புக்கதிர் என்று நான்கு முறையும் வீசினால் 153 வரும். 57க்கு எதிரே 153! நண்பன் கோபித்துக்கொண்டு போனதில் என்ன ஆச்சரியம்?

அதே நாளில் இப்படி ஆறு சண்டை இருந்தால்? மொத்தம் 24 முறை. வாள்வீரனுக்கு 343. மந்திரவாதியின் ஒன்பது ஸ்லொட்டும் சேர்ந்து 209 அளவில் முடிந்துவிடும். மீதி 15 முறையும் சின்ன நெருப்புத் துண்டுதான், ஒரு முறைக்குச் சராசரி 7. கூட்டினால் 316. இருவருக்கும் உள்ள சின்ன உபரிகளை விட்டுத்தான் கணக்குப் போட்டேன். ஆனாலும் எனக்கு அன்றுதான் விளங்கியது: பயர்போல் மாறவில்லை, வாள் மாறவில்லை, நாளின் நீளம் மட்டும்தான் மாறியது. 2014 விதிநூலும் ஒரு நாளுக்கு ஆறு முதல் எட்டு நடுத்தர அல்லது கடினமான சண்டைகளையே அளவாகச் சொல்கிறது. நாங்கள் ஒரு இரவில் ஒரு சண்டை, பிறகு தேத்தண்ணி, பிறகு நித்திரை என்று விளையாடிக்கொண்டிருந்தோம். நிறைந்த குளத்தை அரை ஏக்கருக்குத் திறந்துவிட்ட மாதிரி.

வார்லொக் என்ற இன்னொரு மந்திரக்கார வகுப்பு (பாத்திர வகை) இதற்கு நேர்மாறு. அது வீட்டுக் கிணறு. ஐந்தாம் நிலையில் இரண்டே ஸ்லொட், இரண்டும் மூன்றாம் படி. இறைத்தால் தரை தெரியும், ஒரு மணித்தியாலம் குறுகிய ஓய்வு விட்டால் ஊறிவிடும். நடுவில் இரண்டு ஓய்வு கிடைத்தால் நாளுக்கு ஆறு ஸ்லொட். ஓய்வே கொடுக்காத டிஎம்மிடம் வெறும் இரண்டு.

பழைய பதிப்புகளில் நிலைமை இன்னும் மோசம். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் பயர்போலின் பகடைகள் மந்திரவாதியின் நிலையோடு பத்துவரை கூடிக்கொண்டே போகும், ஸ்லொட்டுகளும் கூடும். ஏக்கரும் கூடி, ஏக்கருக்கு விளைச்சலும் கூடினால் மூட்டைகள் பெருகும் வேகத்தை யோசித்துப் பாருங்கள். வாள்வீரன் ஒன்றைக் கூட்ட, மந்திரவாதி இரண்டைப் பெருக்கினான். ஐந்தாம் பதிப்பு அதில் ஒரு பெருக்கலை அறுத்தது: எட்டுப் பகடைக்கு மேல் வேண்டுமென்றால் பெரிய ஸ்லொட்டைச் செலவழிக்க வேண்டும். மனஒருமை தேவைப்படும் மந்திரங்களில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் என்ற விதியும், அடிபட்டால் அது கலையக்கூடும் என்பதும் எனக்கு மிகவும் பிடித்தவை. மந்திரவாதிக்கு முன்னால் ஒரு வாள்வீரன் நிற்க வேண்டிய காரணத்தை அவை கொடுக்கின்றன. 2008இன் நான்காம் பதிப்பு எல்லா வகுப்புக்கும் ஒரே அச்சில் சக்திகளைக் கொடுத்துச் சமப்படுத்தியது. ஆனால் எல்லாக் கறிக்கும் ஒரே தூள் போட்ட மாதிரி இருந்தது பலருக்கு.

மந்திரவாதியின் பறப்பு, கதவு திறப்பு போன்றவை சேதக் கணக்கில் வராது. அவையும் ஸ்லொட்டைத்தான் குடிக்கும். மதிலைத் தாண்டப் பறந்தவனிடம் அன்றைக்கு ஒரு பயர்போல் குறைவு.

அதனால் நான் எந்த மந்திரத்தையும் வெட்டவில்லை. 2014 விதிநூலிலேயே ஒரு மாற்று வழி இருக்கிறது: இரவுத் தூக்கம் குறுகிய ஓய்வு, ஏழு நாள் தங்கினால்தான் நீண்ட ஓய்வு. எங்கள் கதையை மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு நடத்தினேன். பாலையும் வீரையும் நிற்கும் காடு. ஒட்டுசுட்டானுக்கு முன்னால் இரண்டு சண்டை, முள்ளியவளைக்குள் நுழைய இன்னும் மூன்று. கடைசிச் சண்டையில் மந்திரவாதியிடம் ஒரே ஒரு மூன்றாம் படி ஸ்லொட் மிச்சம். அவன் பகடையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். "வை மச்சான், நான் பிடிக்கிறன்" என்று வாள்வீரன் முன்னால் போனான்.

இந்த விதியை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மந்திரக் கவசம் போல 8 மணித்தியாலம் நிற்கும் மந்திரங்கள் ஏழு நாள் சுற்றில் ஸ்லொட்டைக் குடித்தே தீர்த்துவிடும். எங்கள் மேசையில் அவற்றை இரண்டு இரவுத் தூக்கம்வரை நிற்க விட்டிருக்கிறோம்.